கப்பல் காத்திராது!

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்து, தண்ணீர்க் கூஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடுகிற மனிதர்களைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கலாம். இனிமேல் சிரிக்காதீர்கள், சகோதரிகளே! உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்வதற்கு வேண்டிய முழு யோக்கியதையும் அவர்களுக்குத்தான் இருக்கிறது.

"உல்லாசக் கப்பலா? அது சீமான்கள் சமாசாரம் அல்லவா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் காலம் போய்விட்டது. 2022 ஜூன் மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே விசாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் இலங்கைக்கும் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அது தொட்ட ஊர்களின் பெயர்கள், மாம்பலத்துக் கல்யாணங்களில் பந்திக்குப் பந்தி அடிபட்டன. அடையாற்றில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தி அப்படிப் போய்விட்டு வந்து, கப்பலில் போட்ட ஐந்து வேளைச் சாப்பாட்டைப் பற்றி ஐந்து மாதம் பேசினாள்.

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கப்பல் ஓர் ஊரில் ஒரு பகல் நிற்கிறதே, அந்த ஒரு பகலை என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். முக்கியமாக, அந்த ஊரில் கண்ணுக்கு அழகான ரயில் பாதை ஒன்று இருந்து, அதில் நாமே டிக்கெட் வாங்கிப் போய்வர வேண்டும் என்று ஆசையும் இருந்துவிட்டால், அதற்கு எப்படித் திட்டம் போடுவது?

கரையில் இறங்கி ஊர் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போவது ஒன்று. நம் காலை நம்பி, நம் பர்ஸை நம்பி, நாமே போவது இன்னொன்று. முதல் வழியில் செலவு அதிகம். ஆனால் கவலை இல்லை. அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். இரண்டாவது வழியில் செலவு குறைவு, சுதந்திரம் உண்டு. ஆனால் நீங்கள் தாமதமானால் கப்பல் காத்திராது. குறித்த நேரத்தில் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். உங்கள் பட்டுப் புடவையும் ரத்த அழுத்த மாத்திரையும் அறையிலே பிரயாணம் செய்யும். நீங்கள் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய் அவற்றைச் சந்திக்க வேண்டியதுதான்!

நம் பாட்டனார் காலத்துப் 'போட் மெயில்' இதற்கு நேர் எதிர். எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு சேர்வார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து நடந்த ஏற்பாடு அது. ரயிலுக்கும் கப்பலுக்கும் பேசி முடித்த சம்பந்தம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்து போன பிறகு அந்தச் சம்பந்தமும் முறிந்தது. இன்றைய உல்லாசக் கப்பலுக்கு எந்த ரயிலோடும் சம்பந்தம் கிடையாது. இரண்டுக்கும் முகூர்த்தம் பார்த்து வைக்கிற பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

அப்படியானால் பேசாமல் பஸ்ஸிலேயே போய்விடலாமே என்பீர்கள். பெரும்பாலோருக்கு அதுதான் நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பஸ் எல்லா இடத்துக்கும் போகாது. எங்கள் விஷயத்தில் போகவேண்டிய இடம் ஒரு கோயிலோ கோட்டையோ அல்ல. வெள்ளவத்தையில் ஒரு குறுக்குத் தெரு.

என் மாமியார் கொழும்பில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதினார். குடியிருப்பு வெள்ளவத்தையில். தெருவின் கோடியில் ரயில் பாதை. அதைத் தாண்டினால் சமுத்திரம். 1958 மே மாதம் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியது. அப்போது அவருக்கு வயது 9. மயிலாப்பூருக்கு மருமகளாக வந்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, 75 வயதாகியும், ரயிலுக்கு அவர் சொல்கிற வார்த்தை மட்டும் மாறவில்லை. "கோச்சி" என்றுதான் சொல்வார். இலங்கைத் தமிழில் அதுதான் ரயில். ராத்திரி எந்நேரம் விழித்தாலும் ஒரு காதில் கோச்சி, ஒரு காதில் கடல் என்று அடிக்கடி சொல்வார்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பிள்ளை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. மும்பையில் ஏறி, கொச்சியும் கொழும்பும் தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் சேரும் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்தது. என் அகத்துக்காரர், மாமியார், தியாகராய நகரிலிருந்து நாத்தனார், நான் ஆக நான்கு பேர். கொழும்பில் கப்பல் நிற்பது காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை.

"கோச்சியிலே ஒரு தரம் அந்தப் பக்கம் போகணும். வேறே ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாமியார். பத்து வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. அதனால்தான் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, காகிதமும் பென்சிலுமாக நான் உட்கார்ந்தேன்.

கல்யாணச் சமையலுக்குத் திட்டம் போட்டிருப்பீர்கள் அல்லவா? முகூர்த்தம் 9 மணிக்கு என்றால், காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டுவது என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. 9 மணியிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணிக்கொண்டு வருவோம். இதற்கும் அதே கணக்குத்தான். போகும் ரயிலை அப்புறம் பார்க்கலாம்; திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்.

கப்பல் 6 மணிக்குக் கிளம்புகிறது. பிரயாணிகள் 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு. சில கப்பல்களில் இது அரை மணிதான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்து உள்ளே கண்டபடி நடக்க விடமாட்டார்கள்; வாசலிலிருந்து கப்பல் வரைக்கும் அவர்களுடைய பஸ்தான். அதற்கும் சோதனைக்கும் அரை மணி. ஆக, 4.30 மணிக்குத் துறைமுக வாசல். இதற்கு மேல் முழுசாக ஒரு மணி நேரத்தை எடுத்து, ஒன்றுக்கும் உபயோகிப்பதில்லை என்று தனியாக வைத்துவிட வேண்டும். அரிசிப் பானையில் போட்டு வைக்கிற காசு மாதிரி அது. ஆக, 3.30 மணிக்கே வாசலுக்கு வருவது போலத் திட்டம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிற ரயிலையும் நம்பிவிடக் கூடாது. அதற்கு முந்தின ரயிலில் வரவேண்டும். பிடித்த ரயில் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டாலும், பின்னால் இன்னொன்று வரவேண்டும். அதுவும் இல்லையென்றால் பக்கத்திலேயே மோட்டார் போகும் ரஸ்தா இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எந்த ஊர் ஒத்துவரும், எந்த ஊர் ஒத்துவராது என்பது கண்ணாடி மாதிரி தெரிந்துவிடும்.

விசாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் ரயில், குகைக்குள் நுழைந்து குகைக்குள் வெளிவந்து மலை ஏறுகிறது. இரும்புத் தாது கொண்டுவருவதற்காக 1960-களில் போட்ட பாதை. வழியில் சிமிலிகுடா என்ற ஸ்டேஷன் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2017-லிருந்து கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியும் உண்டு. பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த ரயில் அதிகாலையிலேயே கிளம்பி, நாலு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு அரக்கு சேர்கிறது. திரும்பி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. காலையில் வந்து மாலையில் கிளம்பும் கப்பலுக்கும் அதற்கும் ஜாதகம் பொருந்தாது. அரக்கு வேண்டுமானால் கப்பலை மறந்துவிட்டுச் சென்ட்ரலில் ரயில் ஏறிப் போய், இரண்டு நாள் தங்குங்கள்.

அம்பாந்தோட்டைக்கு ரயிலே கிடையாது. தெற்குக் கரைப் பாதை மாத்தறையோடு நின்றிருந்தது. 2019-ல் பெலியத்தை வரைக்கும் நீட்டினார்கள். அங்கிருந்து அம்பாந்தோட்டைக்கு மோட்டாரில்தான் போகவேண்டும். காங்கேசன்துறையில் ரயில் நிலையம் கரையோரத்திலேயே இருக்கிறது. 1990-ல் யுத்தத்தால் நின்றுபோன பாதை, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் மறுபடி வந்தது. யாழ்ப்பாணம் போய்வர ஆசைப்படலாம். ஆனால் நம் பீச்-தாம்பரம் மாதிரி நிமிஷத்துக்கு ஒன்று ஓடும் பாதையல்ல அது. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரமாகும். அங்கே ரயிலில் போய் ஆட்டோவில் திரும்புவது உசிதம்.

படங்களில் பார்க்கிறோமே, காட்டுக்கு நடுவில் ஒன்பது வளைவுகளோடு ஒரு பாலம், அது எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து மலைப் பாதையில் போகும் ரயிலுக்கு அங்கே போய்ச் சேரவே ஒரு பகல் பிடிக்கும். ஒரு பகல் நிற்கும் கப்பல்காரர்கள் அதை நினைக்கவே கூடாது. கண்டி வரைக்கும் போகலாமா என்றால், போக மூன்று மணி, வர மூன்று மணி. நடுவில் கோயிலை ஓடிக்கொண்டே கும்பிட வேண்டும். அதோடு 2025 நவம்பர் கடைசியில் வந்த 'டித்வா' புயல் மலைப் பாதையைப் பல இடங்களில் சின்னாபின்னமாக்கிவிட்டது. ஆகவே எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று விசாரிக்காமல் அந்தப் பக்கத்துக்குத் திட்டமே போடாதீர்கள்.

சீமையில் சில இடங்களில் இந்தத் தொல்லையே இல்லை. நார்வே தேசத்தில் ப்ளோம் என்ற சிற்றூரில் கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே ரயில் நிற்கிறது; சுமார் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறி, ஒரு மணி நேரத்தில் மலை உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அலாஸ்காவில் ஸ்காக்வே என்ற ஊரில், தங்கம் தேடி ஓடிய ஜனங்களுக்காக 1898-ல் போட ஆரம்பித்த மலை ரயில், இன்று கப்பலில் வருகிறவர்களை நம்பியே ஓடுகிறது. அங்கேயெல்லாம் கப்பலைப் பார்த்துத்தான் ரயிலுக்கு நேரம் குறிக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒத்துவருகிற பாதை கொழும்பிலிருந்து தெற்கே போகும் கரையோரப் பாதைதான். துறைமுகத்துக்கும் கோட்டை ரயில் நிலையத்துக்கும் அதிக தூரமில்லை. அங்கிருந்து காலி 116 கிலோமீட்டர். 1894-லேயே காலிக்கு ரயில் போய்விட்டது. மறு வருஷம் மாத்தறைக்கும். பாதை கிட்டத்தட்டக் கடலில் கால் நனைத்துக்கொண்டே போகிறது. கொழும்பை ஒட்டிய பகுதியில் வண்டிகளும் அதிகம். பக்கத்திலேயே காலி வீதி.

காலிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்பது நாத்தனாரின் பிடிவாதம். போர்த்துக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர் பெரிதாகக் கட்டிய கோட்டை. 1988-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஆசை நியாயமானதுதான். ஆனால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. பென்சிலால் கூட்டிப் பார்த்தால், எடுத்து வைத்த அந்த ஒரு மணி நேரத்தை உடைத்தால்தான் காலி கிடைக்கும். உடைக்க நான் சம்மதிக்கவில்லை. பாதி வழியில் உள்ள அளுத்கமை போய்த் திரும்புவது என்று தீர்மானமாயிற்று. அதற்கும் இடைஞ்சல் வந்தால் களுத்துறையிலேயே இறங்கிவிடுவது என்றும் காகிதத்தில் எழுதினேன். நாமே போவதில் உள்ள பெரிய லாபம் இதுதான். எந்த ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

வெள்ளவத்தையை எங்கே வைப்பது? அது கொழும்பிலேயே இருக்கிறது. போகும்போதே இறங்கிப் பார்த்துவிடலாம் என்றார்கள் எல்லோரும். நான் கூடாது என்றேன். தூரமான இடத்தை முதலில் முடித்துக்கொண்டு கப்பலுக்குக் கிட்டத்தில் வந்துவிட வேண்டும். மிச்சமிருக்கிற நேரத்தை அங்கே தாராளமாகச் செலவழிக்கலாம். மனசுக்கு முக்கியமான இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிடக் கூடாது அல்லவா?

கிளம்புவதற்கு முன் செய்த வேறு சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இறங்க என்ன அனுமதி வேண்டும் என்று கப்பல் கம்பெனிக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொண்டோம். இந்த விதிகள் அடிக்கடி மாறும். போய்வந்தவர்கள் வாய்ச்சொல் உதவாது. நாங்கள் போகும் நாள் பௌர்ணமியா என்று பஞ்சாங்கத்தில் பார்த்தேன். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. விடுமுறை நாளில் ரயில் நேரங்கள் வேறாகிவிடும். கடிகாரமும் முக்கியம். 2006-லிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றேதான். ஆனால் கிழக்கே போகிற கப்பலில் கடிகாரத்தை வழியிலேயே தள்ளி வைப்பது உண்டு. 'கப்பல் நேரமா, கரை நேரமா?' என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, அதன்படி கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாள் வந்தது. கப்பல் சரியாக 7 மணிக்குக் கரை தட்டியது. ஆனால் இறங்க அனுமதி கிடைத்தபோது மணி 8.45. "இறங்கறதுக்குள்ளே சாயந்தரம் ஆயிடும் போலிருக்கே!" என்று என் அகத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வெயிலில் அலைவதைவிடக் கப்பலிலேயே இருந்து மத்தியானச் சாப்பாட்டைக் கவனிப்பது மேல் என்பது அவருடைய கட்சி. ஒரு விதத்தில் நல்லதாயிற்று. கப்பலில் நம் மனிதர் ஒருவர் இருந்தால், அவசரத்துக்கு ஒரு போன் பண்ணலாம் அல்லவா?

கோட்டை ஸ்டேஷனில் பெயர்ப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளிலும் இருக்கின்றன. 'புகையிரத நிலையம்' என்று படித்ததும் நாத்தனாருக்குச் சிரிப்பு. மாமியார் சிரிக்கவில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை போல ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தார். முன்பதிவு இல்லாத சாதாரண டிக்கெட்டைக் கவுண்டரிலேயே வாங்கலாம். இலங்கைப் பணமாகச் சில்லறை வைத்திருந்தால் போதும். ஊர் போய் இறங்குகிற வரைக்கும் அந்தச் சீட்டைத் தொலைக்கக் கூடாது. வாசலில் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

தெற்கே போகும்போது கடல் வலது கைப் பக்கம். காலையில் அந்தப் பக்கத்தில் வெயிலும் இல்லை. காலை நேரத்துக் கூட்டமெல்லாம் கொழும்புக்குள் வருகிற கூட்டம். வெளியே போகிற எங்களுக்கு ஜன்னலோர இடமே கிடைத்தது. கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி... ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் பலகை வருவதற்கு முன்பே மாமியார் சொன்னார். வெள்ளவத்தை வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை என்று தென்னந்தோப்புகளுக்கும் அலைகளுக்கும் நடுவே வண்டி போகிறது. சில இடங்களில் ஜன்னலுக்கு வெளியே மண்ணே தெரியாது. கறுப்புப் பாறை, அதன் மேல் மோதும் அலை, அவ்வளவுதான். நம் மெரீனாவில் மணலைத் தாண்டி நடந்து நடந்து அலையைப் பிடிக்கிற நமக்கு, உட்கார்ந்த இடத்துக்கே சமுத்திரம் வருவது அதிசயமாகத்தான் இருக்கிறது.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு துக்கமும் இருக்கிறது. இதே பாதையில், காலிக்கு இப்பால், பெரலிய என்ற இடத்தில்தான் 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி ஒரு ரயிலை முழுதாக அடித்துக்கொண்டு போயிற்று. 'சமுத்திர தேவி' என்று அந்த வண்டிக்குப் பெயர். 1,700 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்று கணக்கு. உலகத்தில் எந்த ரயில் விபத்திலும் அத்தனை உயிர் போனதில்லை. நாங்கள் போனது அதற்கு 20 வருஷம் நிறைகிற மாதம். எங்கள் வண்டியிலும் ஜனங்கள் காய்கறிப் பையும் பள்ளிக்கூடப் பையுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அலையைப் பார்த்த கண்ணோடு அவர்களையும் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

காலையில் இழந்த நேரத்தைக் கணக்குப் பார்த்து, அளுத்கமையை விட்டுவிட்டுக் களுத்துறையிலேயே இறங்கினோம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுக் காலியும் இல்லை, அளுத்கமையும் இல்லை! நன்னாயிருக்கு, மன்னி!" என்றாள் நாத்தனார்.

"காலி எங்கேயும் போயிடாது. கப்பல் போயிடும்" என்றேன்.

களுகங்கை சமுத்திரத்தில் கலக்கும் ஊர் அது. ஆற்றங்கரையில் அரச மரமும் பெரிய வெள்ளைத் தூபியும் இருக்கின்றன. மற்றத் தூபிகளைப் போல உள்ளே அடைத்துக் கட்டாமல் வெற்றிடமாக விட்டிருப்பதால் நாமே உள்ளே போய்ச் சுற்றி வரலாம். சித்திரங்களைப் பார்த்தோம்; ஆற்றுக் காற்றில் உட்கார்ந்து, கொண்டுபோன பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். நாத்தனாரின் கோபம் வாழைப்பழத்தோடு இறங்கியது. பிறகு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி ஒன்றில் ஏறி, 2 மணிக்கு முன்பாகவே வெள்ளவத்தையில் இறங்கிவிட்டோம்.

மாமியார் இருந்த காலத்தில் குறுக்குத் தெருக்கள் நேரே ரயில் பாதையில் போய் முடியுமாம். இப்போது நடுவில் மரீன் டிரைவ் என்று அகலமான ரஸ்தா போகிறது. "கோச்சிப் பாதையிலேருந்து நாலாவது வீடு" என்று அவர் எண்ணிக்கொண்டே நடந்தார். நாலாவது வீட்டின் இடத்தில் பல மாடிக் கட்டிடம் ஒன்று நின்றது. அதன் வாசலில் ஏறக்குறைய அவர் வயதுள்ள ஓர் அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரைத் தேடுறியள்?" என்றார் அந்த அம்மாள்.

"யாரையும் தேடலை. முன்னே இங்கேதான் குடியிருந்தோம்."

"எப்ப போனனீங்கள்?"

"அம்பத்தெட்டிலே."

அந்த அம்மாள் குவளையைக் கீழே வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. "நாங்கள் எண்பத்து மூண்டிலை போய்த் திரும்பி வந்தனாங்கள்" என்றார். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் நுழையவா, வேண்டாமா என்று கேட்பது போல இல்லை. நேரம் இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது. மணி 2.20.

"இருக்கு, அம்மா. ஒரு மணி நேரம் இருக்கு" என்றேன்.

மூன்றாவது மாடியில், சமுத்திரத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தெருக்கோடிக் கடை இருக்கிறதா, ராமகிருஷ்ண மிஷனில் பஜனை நடக்கிறதா என்று இவர் கேட்டார், அவர் சொன்னார். கீழே ஒரு ரயில் போயிற்று. இருவருமே பேச்சை நிறுத்தி, அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு பேச்சைத் தொடர்ந்தார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது பழக்கம்!

3.20-க்கு ஆட்டோ. 4 மணி சுமாருக்குத் துறைமுக வாசல். 4.30-க்குக் கப்பல். என் அகத்துக்காரர் மாலைக் காப்பிக்கு எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

எடுத்து வைத்த அந்த ஒரு மணி நேரம் பயத்துக்காக என்றுதான் நினைப்போம். பயம் வந்தால் அதற்குச் செலவாகும். வராவிட்டால் இப்படி ஒரு கோப்பைத் தேநீருக்குச் செலவாகும். இரண்டுக்கும் அது இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் அடைத்துப் போட்ட திட்டத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் இருக்கும். "உள்ளே வாருங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டால் போவதற்கு மட்டும் இடம் இருக்காது.

ஆகவே, நீங்கள் கிளம்பும்போது கைப்பையில் இவையெல்லாம் இருக்கட்டும்: கப்பல் அடையாளச் சீட்டு, பாஸ்போர்ட் அல்லது அதன் நகல், அந்தத் துறைமுகத்தில் எது வேண்டும் என்கிறார்களோ அது, கப்பலில் தினமும் கொடுக்கும் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக ஏஜெண்டின் டெலிபோன் நம்பர், இரண்டு வேளை மாத்திரை, ஆட்டோவுக்குத் தனியாக முடிந்து வைத்த உள்ளூர்ப் பணம். திரும்பி வரும்போது கடல் இடது கைப் பக்கம். பிற்பகல் வெயில் முகத்தில் அடிக்கும், குடையை மறக்காதீர்கள். காகிதத்தில் மூன்று ஸ்டேஷன்களின் பெயர் இருக்கட்டும்: ஆசைக்கு ஒன்று, தீர்மானத்துக்கு ஒன்று, இடைஞ்சல் வந்தால் இறங்கிவிட ஒன்று. நாத்தனார் யாராவது கூட வந்தால் வாழைப்பழமும் இருக்கட்டும்!